காட்டுத்தீ புகையையும் தூசியையும் சேட்டிலைட் படத்துல பாக்குறது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க கேட்ட கேள்விகள்

கேள்வி (பென்னாகரம்): அண்ணா, நேத்து சாயங்காலம் ஒகேனக்கல் ரோட்ல போறப்ப மலைமேல நல்லாவே புகை, ஆனா சேட்டிலைட் கண்டுபிடிச்ச தீயை சிவப்பு புள்ளியா காட்டுற நாசாவோட ஃபிர்ம்ஸ் மேப்ல ஒரு புள்ளிகூட இல்லயே?

பதில்: நேரம்தான் தம்பி காரணம். அந்த மேப்புக்கு தீயோட சூட்டைக் கண்டுபிடிச்சுக் கொடுக்குற வியர்ஸ் கருவி இருக்குற சேட்டிலைட்டுங்க நம்ம தலைக்கு மேல வர்றது மதியம் ஒன்றரை, ராத்திரி ஒன்றரை வாக்குலதான். சாயங்காலம் 4 மணிக்கு பத்திக்கிட்ட சருகுத்தீ ராத்திரி அணைஞ்சுடுச்சுன்னா அது கணக்குலயே வராது, மேகம் மூடியிருந்தாலும் வராது, அப்புறம் படம் எடுத்து மேப்ல ஏறவே ஒரு மூணு மணி நேரம் ஆகலாம். அதனால புள்ளி இல்லன்னா தீ இல்லன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

கேள்வி (அரூர்): சார், கரும்பு வெட்டி முடிச்சு ஒரு ஏக்கர்ல சோகை கொளுத்துனோம். மேப்ல பாத்தா பக்கத்து காட்டையும் சேத்து பெரிய சதுரமா காட்டுதே?

பதில்: அந்த சதுரம் எரிஞ்ச இடத்தோட அளவு கிடையாதுங்க. வியர்ஸ்ல ஒரு கட்டம் 375 மீட்டர், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அதுக்குள்ள ஏதோ ஒரு மூலையில சூடு அதிகமா இருந்தாலே முழுக் கட்டமும் சிவப்பாயிடும். இதே வேலை செய்யுற பழைய மோடிஸ் கருவியில கட்டம் 1 கிலோமீட்டர், இன்னும் மோசம். தயவுசெஞ்சு இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னார் காட்டைக் கொளுத்திட்டார்னு வாட்ஸ்அப்ல யாரும் சுத்த விடாதீங்க, ஒரு குடும்பத்தோட பேரு கெட்டுப்போகும்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை): காலைல படத்துல வெள்ளையா தெரியுறது பனியா புகையா, எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. பனி பள்ளத்துல தேங்கி நிக்கும், பளிச்னு வெள்ளையா இருக்கும், வெயில் ஏற ஏற ஓரத்துலேர்ந்து கரையும். புகை அப்படியில்ல, ஒரு இடத்துல மெல்லிசா கிளம்பி காத்து போற பக்கம் விரிஞ்சுகிட்டே போகும், நிறமும் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பலா இருக்கும். ஒரே படத்தை முறைச்சுப் பாத்தா குழப்பம்தான், நம்ம நாட்டு வானிலை சேட்டிலைட் இன்சாட்-3டிஎஸ் படம் அரை மணிக்கு ஒண்ணு வருது, நாலஞ்சு படத்தை வரிசையா ஓட்டிப் பாருங்க. அதுலயும் தெளியலன்னா ஐரோப்பாவோட சென்டினல்-2 சேட்டிலைட்ல, கண்ணுக்குத் தெரியாத ஒளியில எடுக்குற குறுஅலை அகச்சிவப்புப் படத்துக்கு மாத்துங்க. அந்த அலை புகையை ஊடுருவிடும், கீழ தீ எரியுற விளிம்பு ஆரஞ்சு கோடா தெரியும். ஆனா அது நம்ம இடத்துக்கு 5 நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அதனால தீயைவிட எரிஞ்ச தடத்தை அளக்கத்தான் எனக்கு அது அதிகம் உதவுது.

கேள்வி (கிருஷ்ணகிரி): கிரஷர் தூசி சேட்டிலைட் படத்துல தெரியுமா?

பதில்: குவாரி குழி தெரியும், சுத்தி வெளுத்துப்போன நிலம் தெரியும். மூச்சுல போற தூசி எவ்வளவுன்னு அதுல சொல்ல முடியாது, அதுக்கு காத்துல இருக்குற நுண்தூசியை அளக்க ஊருக்குள்ள வைக்கிற பிஎம் 2.5, பிஎம் 10 மீட்டர்தான் வேணும்.

கேள்வி (ஓசூர்): ஜூன், ஜூலைல வானம் மங்கிக் கிடந்தா அரேபியா தூசிங்கிறாங்களே, நிஜமாவா?

பதில்: அந்த மாசங்கள்ல அரேபியப் பாலைவனத் தூசி அரபிக்கடல் மேல வர்றது உண்மைதான். கடல் கருப்பா இருக்குறதால அங்க பளிச்னு தெரியும், நிலத்து மேல கஷ்டம், அதுக்குத்தான் அகச்சிவப்புல செய்யுற தூசிப் படம், அதுல தூசி ரோஸ் நிறமா வரும். ஆனா ஒண்ணு, சேட்டிலைட் தரையிலேர்ந்து உச்சி வரைக்கும் இருக்குற மொத்தத்தையும் சேத்துத்தான் பாக்குது. 2023ல கனடா காட்டுத்தீ புகை கடலைத் தாண்டி ஐரோப்பா வரைக்கும் போச்சு, பெரும்பாலும் உயரத்துலயே போனதால கீழ இருக்குறவங்க மூச்சுல அந்த அளவுக்கு இறங்கல. மேப் சிவப்பா இருக்குன்னு உடனே ஓசூர் காத்து கெட்டுப்போச்சுன்னு சொல்லிட முடியாது.

கேள்வி (அஞ்செட்டி): அண்ணா, தீயைப் பாத்தா என்ன செய்யணும்?

பதில்: மொதல்ல ரேஞ்சர் ஆபீசுக்கு போன் போடுங்க, மேப் பாக்குறதெல்லாம் அப்புறம். எந்த ஊருக்கு எந்தப் பக்க சரிவு, எத்தனை மணிக்குப் பாத்தீங்க, புகை எந்தத் திசையில சாயுது, இந்த மூணையும் சொல்லுங்க. இந்திய வன ஆய்வு நிறுவனத்தோட சைட்ல உங்க நம்பரைப் பதிஞ்சு வெச்சா சேட்டிலைட் எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸா வரும், பிப்ரவரிக்கு முன்னாடியே பதிஞ்சுடுங்க.