தடிமனைப் பார்த்து மேட் வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் நூற்பாலையில் 22 கே.வி. (கிலோவோல்ட்) எச்.டி. இணைப்பு, அதாவது உயர் அழுத்த மின் இணைப்பு. பேனல் அறையில் ஷாக் அடிக்காமலிருக்கத் தரையில் விரிக்க 12 மி.மீ. கறுப்பு ரப்பர் மேட் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தடிமனை வைத்து மேட் வாங்கும் வழக்கம் ஐ.எஸ். 5424 என்ற 1969-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தின் மிச்சம். இப்போது 2006-இல் வந்த ஐ.எஸ். 15652தான் கணக்கு. அதில் ஏ வகுப்பு 3.3 கே.வி. வரை, 2 மி.மீ.; பி வகுப்பு 11 கே.வி. வரை, 2.5 மி.மீ.; சி வகுப்பு 33 கே.வி. வரை, 3 மி.மீ. மலிவான கறுப்பு மேட் பெரும்பாலும் பழைய டயரை அரைத்த ரப்பர். அதிலுள்ள கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அது 12 மி.மீ. இருந்தும் பயனில்லை.

எச்.டி. என்றாலே 11 கே.வி. என்று நினைத்து, கடையில் பி வகுப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 22000/433 வோல்ட் என்று இருந்தால் சி வகுப்புதான், பி கூடாது. எல்.டி. (தாழ்வழுத்த) பேனல் மட்டும் தனி அறையில் இருந்தால் அங்கே ஏ போதும். ஆனால் எச்.டி.யும் எல்.டி.யும் ஒரே அறையில் இருந்தால் இரண்டுக்கும் சி போடுங்கள். கூட்டிப் பெருக்குபவர் மேட்டைச் சுருட்டி எடுத்துவிட்டு, திரும்ப விரிக்கும்போது இடம் மாற்றிப் போட்டுவிடுவார். அதற்காகச் சொல்கிறேன்.

“ஐ.எஸ். 15652 பிரகாரம்” என்று பில்லில் எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். மேட்டின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை, வகுப்பு, சி.எம்./எல். எண் என்னும் லைசன்ஸ் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்: லைசன்ஸ் நடப்பில் இருக்கிறதா, அது மேட்டுக்கு உரியதுதானா என்று தெரிந்துவிடும். ரோலிலிருந்து வெட்டி வாங்கினால் முத்திரையுள்ள துண்டாகக் கேளுங்கள். டெஸ்ட் சர்டிபிகேட்டின் நகலைக் காட்டினால், அதிலுள்ள தொகுப்பு எண்ணும் மேட்டிலுள்ளதும் ஒன்றா என்று சரிபாருங்கள். ஒரே சர்டிபிகேட்டை வருஷக்கணக்கில் நகலெடுத்து ஓட்டும் தரகர்கள் உண்டு.

இதில் எரிச்சல் என்னவென்றால், டெண்டரிலேயே இன்னும் “12 மி.மீ. ரப்பர் மேட்” என்று பழைய கோப்பைப் பார்த்து எழுதுகிறார்கள். ஆய்வுக்கு வருபவரும் தரையில் மேட் கிடக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்.

விரிக்கும்போது பேனலுக்கு முன்னும் பின்னும் போடுங்கள். ஆணியோ ஸ்குரூவோ அடித்தால் அந்த ஓட்டை வழியாகவே தரைக்குப் பாதை கிடைத்துவிடும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது. வெடிப்பு, உப்பல், வெட்டுக்காயம் தெரிந்தால் ஒட்டுப் போடாமல் அந்தத் துண்டையே மாற்றிவிடுங்கள்.