முதலில் சூடு, அப்புறம்தான் பால்

கேள்வி: எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. நேற்றுக் காலையிலிருந்து தாயைக் காணோம். சாயங்காலம் பார்த்தபோது இரண்டு குட்டி இறந்து கிடந்தன, ஒன்றுதான் மிச்சம். இன்னும் கண் திறக்கவில்லை, தொப்புள்கொடி காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்க் பில்லரில் பசும்பால் கொடுத்தேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. பேதியும் ஆகிறது. அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்க வைத்தும் இரவெல்லாம் கத்தியது. நீ கை வைத்ததால்தான் தாய் வரவில்லை என்று அம்மா திட்டுகிறார். நான் காலை 9 மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப 6 ஆகிவிடும். இது பிழைக்குமா?
- ஒரு வாசகி

பதில்: இரவெல்லாம் கத்தியது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல செய்தி அதுதான். கத்தத் தெம்பிருக்கிற குட்டிக்கு இன்னும் நேரமிருக்கிறது. சத்தமே போடாமல் துவண்டு கிடந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். தொப்புள்கொடி விழவில்லை என்றால் பிறந்து நான்கைந்து நாளுக்கு மேல் இருக்காது. பிழைக்கலாம், ஆனால் சத்தியம் பண்ணித் தர முடியாது. தாயே நக்கி வளர்க்கும் குட்டிகளில்கூடச் சில முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை.

பால் மூக்கு வழியாக வந்தது என்றால் புரையேறியிருக்கிறது, நுரையீரலுக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கலாம். குட்டியைக் காதோடு வைத்துக் கேளுங்கள். மூச்சில் கரகரவென்று சத்தம் வந்தாலோ, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாலோ, மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் பேதி ஆவதால் இன்றைக்கே ஒருமுறை காட்டிவிடுங்கள். இத்தனூண்டு உடம்பில் நீர் வற்றுவதற்கு ரொம்ப நேரம் ஆகாது.

அம்மாவிடம் சொல்லுங்கள், மனிதக் கை பட்டது என்பதற்காகத் தாய்ப்பூனை குட்டியை ஒதுக்காது. இரை தேடப் போயிருக்கும், இல்லை இடம் மாற்ற ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிருக்கும், இல்லை அதற்கே ஏதோ ஆகியிருக்கும். குட்டிகள் சூடாக, வயிறு நிறைந்து, சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தால் தொடாமல் தள்ளி நின்று சில மணி நேரம் பார்ப்பதுதான் சரி. ஆள் நிற்பதைப் பார்த்தால் தாய் கிட்டே வராது என்பதால், சுற்றிலும் கொஞ்சம் மாவு தூவி வைத்துவிட்டுக் கால்தடம் விழுகிறதா என்று பிறகு வந்து பார்க்கலாம். உங்கள் கதையில் இரண்டு குட்டி ஏற்கெனவே போய்விட்டன, அதனால் மூன்றாவதை நீங்கள் எடுத்தது தப்பே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். நான் முதன்முதலாக எடுத்து வந்த குட்டி செத்ததற்கு நான்தான் காரணம். மழையில் நனைந்து, கையில் எடுத்தால் ஈரத்துணி மாதிரி ஜில்லென்று இருந்தது. பாவம், பசி என்று நினைத்து, துடைத்த கையோடு பாலைப் புகட்டினேன். நாலைந்து சொட்டு விழுங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம், இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். நடுராத்திரி பார்த்தால் வயிறு மட்டும் பந்து மாதிரி உப்பியிருந்தது, காலையில் குட்டி இல்லை. உடம்பு ஜில்லிட்டுப் போன குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, கொடுத்த பால் ஜீரணமாகாமல் வயிற்றிலேயே தங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வாரத்தில் பூனைக்குட்டியின் உடம்புச் சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியாது, குளிரில் நடுங்கக்கூடத் தெரியாது. தாயும் கூடப் பிறந்தவையும் ஒட்டிப் படுத்திருப்பதுதான் அதற்குப் போர்வை. உங்கள் குட்டிக்கு இரண்டுமே இல்லை, வெறும் துணி விரித்த பெட்டி போதாது என்றுதான் ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. சுண்டுவிரல் நுனியை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். வாய்க்குள் ஜில்லென்று இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூடக் கூடாது. சட்டைக்குள் விட்டு உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாம், சட்டென்று சூடேற்றுவதும் ஆபத்து. ரொம்பத் துவண்டிருந்தால் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றாதீர்கள், தடவினால் போதும்.

பெட்டிக்குள் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வையுங்கள், ஆனால் பாதிப் பெட்டிக்கு மட்டும். மறுபாதி சாதாரணமாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும். படுத்திருக்கும் இடம் முதல் வாரத்தில் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. பை ஆறிப்போனால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால் ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து மாற்றத்தான் வேண்டும்.

உடம்பு சூடான பிறகு பால். பசும்பாலை இன்றோடு நிறுத்துங்கள். பூனைப்பாலில் இருக்கிற புரதமும் கொழுப்பும் அதில் இல்லை, அதிலிருக்கும் லாக்டோஸ் குட்டிக்குச் சேராது, பேதிக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கரையுங்கள், சீக்கிரம் தேறட்டும் என்று கெட்டியாகக் கரைக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

இங்க் பில்லரும் வேண்டாம். அமுக்கினால் மொத்தமாகப் பீய்ச்சிவிடும், குட்டிக்குப் புரையேறியது அதனால்தான். ஊசி எடுத்த 1 மில்லி சிரிஞ்ச் இருந்தால் சொட்டுச் சொட்டாக விடலாம், குட்டி தானே உறிஞ்ச ஆரம்பித்ததும் சின்ன நிப்பிள் வைத்த பாட்டிலுக்கு மாறலாம். எல்லாரும் செய்கிற இன்னொரு தப்பு, கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டுப் புகட்டுவது. பூனைக்குட்டி தாயிடம் குப்புறப் படுத்துத்தானே குடிக்கிறது! அப்படியே வயிறு கீழே இருக்கும்படி துண்டின் மேல் விட்டு, தலை மட்டும் லேசாக நிமிர்ந்திருக்கட்டும். முன்னங்கால்களால் துண்டை மாற்றி மாற்றிப் பிசையும், காது குடிக்கும் தாளத்துக்கு ஆடும். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எவ்வளவு என்று கேட்டால், 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 4 மில்லி. அதன் வயிறு அவ்வளவுதான் கொள்ளும். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. இரண்டாவது வாரம் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. குடித்த பிறகு முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விட வையுங்கள்.

பால் கொடுப்பவர்கள் பலர் மறந்துவிடுவது ஒன்றுண்டு: இந்த வயதில் குட்டி தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் வாலுக்கு அடியில் மெதுவாக ஒற்றி ஒற்றி எடுங்கள். அரை நிமிடத்தில் பஞ்சில் வெளிர் மஞ்சளாக ஈரம் பரவும். ஒவ்வொரு வேளைப் பாலோடும் இதைச் செய்ய வேண்டும், சுமார் மூன்று வாரம் வரைக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

சமையலறைத் தராசு ஒன்று வைத்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பிறந்த குட்டி 100 கிராம் சுமாருக்கு இருக்கும், நாளுக்கு ஒரு 10 கிராமாவது ஏற வேண்டும். எடை இறங்கினால் மறுநாள் வரைக்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் அந்த நோட்டோடு போங்கள். தெள்ளுப்பூச்சி இருந்தால் சீப்பால் வாரி எடுங்கள், மருந்து எதையும் நீங்களாகப் போட வேண்டாம். நாய்களுக்கு விற்கும் சில சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும். பாராசிட்டமாலும் அப்படித்தான், துளிகூடக் கூடாது. கண் எட்டு முதல் பன்னிரண்டு நாளுக்குள் தானாகத் திறக்கும், நீங்கள் பிரிக்க முயலாதீர்கள். மூடிய இமை வீங்கியிருந்தால் மட்டும் காட்டுங்கள். திட உணவு, மணல் தட்டு, தடுப்பூசி பற்றி நாலாவது வாரம் எழுதுங்கள், பேசலாம்.

அப்புறம் உங்கள் வேலை. 9 மணியிலிருந்து 6 மணி வரை பாலில்லாமல் இந்தக் குட்டி தாங்காது, இதில் ஒளிவுமறைவு வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது பால் கொடுக்கிற வேறு தாய்ப்பூனை யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது ஏற்றுக்கொண்டால் நம் எல்லாரையும்விட நன்றாக வளர்க்கும். கிடைக்கவில்லை என்றால் அம்மா பகலில் பார்த்துக்கொள்வாரா? திட்டுகிற அம்மாக்கள்தான் இரண்டாவது நாள் பஞ்சை வெந்நீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதுவும் முடியாது என்றால் பெட்டியோடு ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் பால், மற்ற நேரமெல்லாம் தூக்கம்தான், ஒருவருக்கும் தொந்தரவு இருக்காது. மேலதிகாரியிடம் அனுமதி கேட்கும்போது மட்டும் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுக் கேளுங்கள், மூடி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.