குருநாதர் வைத்த மேடைப்பெயரை நோட்டீஸுக்குப் பயந்து விடலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாதஸ்வரம் வாசிப்பவன் நான். 2011-லிருந்து ஒரே மேடைப்பெயர்தான். முன்னால் 'கெடிலம்' என்று எங்கள் ஊர் ஆறு, பின்னால் என்னை வீட்டில் கூப்பிடும் பெயர். குருநாதர் வைத்தது. புதுச்சேரியில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் ஒருவர் இதே பெயரைப் போன வருடம் ட்ரேட்மார்க்காகப் பதிவு செய்திருக்கிறாராம். 2021 முதல் அது தன்னுடைய பெயர் என்கிறார். 15 நாளில் நான் பெயரை நிறுத்த வேண்டும், 5 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வம்பு வேண்டாம், பெயரை மாற்றிவிடுங்கள் என்கிறார்கள் வீட்டில். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பதினைந்து நாள் என்பது அந்த வக்கீல் போட்ட கெடு. நீதிமன்றம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நோட்டீஸை மடித்துப் பரணில் போட்டுவிடவும் கூடாது. அதைவிட முக்கியம், எதிர்த்தரப்புக்கு நீங்களே போன் போட்டு "மாத்திக்கிறேன் சார், விட்டுடுங்க" என்று சொல்லிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வரி போனாலும் நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பதிவு வாங்கியவருக்கே பெயர் சொந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். ட்ரேட்மார்க்குக்கான வணிகச் சின்னங்கள் சட்டம் (1999) அப்படிச் சொல்லவில்லை. அதன் 34-வது பிரிவைப் பாருங்கள். பதிவு வாங்கியவர் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு ஆன நாள் இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்பிருந்தே ஒருவர் அதே பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்தால் அவரைத் தடுக்க முடியாது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். எதிர்த்தரப்பும் பதிவு வாங்கியிருந்தது. ஆனாலும் முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்று நல்ல பேர் வாங்கியவரின் உரிமைதான் பெரிது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 2021 என்றால் உங்களுக்கு 2011. சட்டம் உங்கள் பக்கம் நிற்கும், நீங்கள் அந்த 2011-ஐ நிரூபித்தால்.

எப்படி நிரூபிப்பது? பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடி எடுங்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்த அட்டையின் அடியில், 'மங்கள இசை' என்று போட்டுப் பொடி எழுத்தில் உங்கள் பெயர் இருக்கும். மேலே முகூர்த்தத் தேதி அச்சாகியிருக்கும். தேதியும் பெயரும் ஒரே தாளில், அதுவும் மூன்றாம் மனிதர் அச்சடித்தது! இதைவிட நல்ல ஆவணம் இசைக்காரருக்குக் கிடைக்காது. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழா நோட்டீஸ், தேவனாம்பட்டினம் மாசி மகத்துக்கு வாசித்திருந்தால் அந்தப் போஸ்டர், கோயில் வவுச்சர், அட்வான்ஸ் ரசீது, யூடியூபில் ஏற்றிய தேதி, எல்லாம் சேருங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் கல்யாண வீட்டாரிடம் கேளுங்கள். பலர் பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்றாவது வேண்டும். ஏனென்றால் 'தொடர்ந்து' என்ற சொல்லைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பார். 2020 ஊரடங்கில் வாசிப்பே இல்லாமல் போயிருந்தால் அதையும் மறைக்காமல் பதிலில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், ட்ரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் அவருடைய பதிவைத் தேடிப் பாருங்கள். உண்மையிலேயே பதிவாகிவிட்டதா, விண்ணப்பம் மட்டும்தானா, எந்த வகுப்பில் (அதாவது எந்த வகைத் தொழிலுக்கு), எந்த ஆண்டிலிருந்து பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். பதிவாகியிருந்தால் அதை நீக்கக் கோரிப் பதிவகத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். தெரிந்தும் ஐந்து வருடம் தொடர்ந்து சும்மா இருந்தால் அந்த உரிமை கைவிட்டுப் போகும். அவர் புதுச்சேரியிலேயே வழக்குப் போட முடியும். எனவே அங்குள்ள நீதிமன்றத்தில் கேவியட் மனு ஒன்று போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும். உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்குவது அவருக்குக் கஷ்டமாகிவிடும்.

நீங்களும் இசை நிகழ்ச்சிகள் அடங்கும் 41-வது வகுப்பில் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் பதிவகம் சென்னைதான். 2011 முதல் பயன்படுத்துவதாகப் பிரமாணப் பத்திரமும், சேர்த்த ஆவணங்களும் கூடவே போக வேண்டும். அரசிதழில் பெயர் வெளியிட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மேடைப்பெயருக்கு அது தேவையே இல்லை.

பெயரை மாற்றச் சொல்ல எனக்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. 2021-க்கு முந்தைய காகிதம் ஒன்றுகூடத் தேறாமல், வாய்வார்த்தை மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால், வழக்குச் செலவு உங்களைத் தின்றுவிடும். அப்போதும் முதலில் சமரசம் பேசலாம். நீங்கள் 'நாதஸ்வரம்' என்றும் அவர் 'மெல்லிசை' என்றும் பெயரோடு சேர்த்தே போடுவதாக எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு மேடை என்பதால் இதற்கு அவர் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

குருநாதர் இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்த வருடம், எந்த மேடையில் அந்தப் பெயரை வைத்தார் என்று அவர் சொல்வதைப் பிரமாணப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். பதிலை ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, கெடுவுக்குள் அனுப்பச் சொல்லுங்கள்.