பட்டப்பகலில் மோட்டார் லைட் எதற்கு?

"பினாங்குக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பழைய கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) ஒன்று வாங்கியிருக்கிறேன், இங்கே எல்லாரும் பகலிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள், இது சட்டத்துக்காக மட்டும்தானா, உண்மையிலேயே பயன் உண்டா, பேட்டரி வீணாகாதா" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. அடிபட்டுத் தெரிந்துகொண்டவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், இதே பினாங்கில் ஜெலுத்தோங் பகுதியில், காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். நான் நேராகப் போய்க்கொண்டிருக்கிறேன், ஐம்பதுக்கு மேல் போகவில்லை. எதிரே ஒரு கார், வலதுபக்கச் சந்துக்குள் திரும்புவதற்காக நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. ஓட்டியவர் ஒரு வயதான சீன அங்கிள். அவர் முகம் என் பக்கம்தான் இருந்தது, மூக்குக்கண்ணாடி மின்னியது கூட எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சரி, பார்த்துவிட்டார், நாம் போகலாம் என்று நினைத்தேன். அவர் திரும்பிவிட்டார். அவருடைய இடதுபக்க முன்கதவில் போய் மோதினேன். காறை எலும்பு முறிந்தது. ரோட்டோரத்தில் என்னை உட்காரவைத்துவிட்டு அவர் கை நடுங்க நடுங்க ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தா நம்பாக், தா நம்பாக்." மலாயில், கண்ணில் படவில்லை, கண்ணில் படவில்லை என்று.

எனக்கு மாதக்கணக்கில் அவர்மேல் கோபம். என்னைப் பார்த்துக்கொண்டே வந்து குறுக்கே விட்டார், பொய் சொல்கிறார் என்று. ஆனால் என் மோட்டாரின் டிம் லைட் போய் ஒரு வாரமாகியிருந்தது. எனக்குப் பகல் ஷிஃப்ட், ராத்திரியில் ஓட்டுகிற வேலை இல்லை, சம்பளம் வந்ததும் பல்பை மாற்றலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். சில வெள்ளி (ரிங்கிட்) சமாச்சாரம்.

அந்தக் கோபம் போனது நான் கம்பெனி வேன் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான். பினாங்கில் ஸ்காட்லாந்து ரோட்டில் போயிருப்பீர்கள், ரெண்டு பக்கமும் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே திட்டுத்திட்டாக நிழல். கறுப்பு ஜாக்கெட்டை நம் ஊர் வழக்கப்படி முன்பின்னாக மாட்டிக்கொண்டு, கறுப்பு ஹெல்மெட்டில், லைட் இல்லாமல் ஒருவர் அந்த நிழலுக்குள் வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், கண் அவர்மேல் பட்டும் மனசில் பதியாது. ஒரு நாள் நானே வலதுபக்கம் திரும்ப ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டேன், ஹார்ன் சத்தம் கேட்டுப் பிரேக் பிடித்தபோதுதான் அந்தப் பையன் இருப்பதே தெரிந்தது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அங்கிள் சொன்னதும் உண்மைதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

இது எப்படி நடக்கிறது என்றால், சந்தியில் நிற்கிற கார்க்காரர் நிதானமாகப் பார்ப்பதில்லை, சட்டென்று இந்தப் பக்கம், சட்டென்று அந்தப் பக்கம். கண் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிற அந்தக் கணத்தில் நடுவில் இருப்பது மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. அவர் தேடுவதும் கார், லோரி, பஸ் அளவில் ஏதாவது வருகிறதா என்றுதான். நாம் எதிரிலிருந்து பார்த்தால் ஒரு காரில் பாதி அகலம்கூட இல்லை. நேராக அவரை நோக்கி வருவதால் இடம் வலமாக அசைவதும் தெரியாது. பின்னால் இருக்கிற மரத்தோடும் போஸ்ட்டோடும் சேர்ந்துபோய்விடுவோம். இதில் முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கிற அந்தத் தூண் வேறு, சில கோணங்களில் ஒரு முழு மோட்டாரையே மறைத்துவிடும். இத்தனைக்கும் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி எரிந்துகொண்டிருந்தால் ஓடிப்போகிற பார்வை அங்கே ஒரு முறை தடுக்கி நிற்கும். பகல் லைட்டின் வேலை அவ்வளவுதான். நமக்கு வழி காட்டுவதற்கு அது எரியவில்லை.

மலேசியாவில் இந்தச் சட்டம் 1992இல் வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். அப்பாவின் பின்னால் உட்கார்ந்து போவேன். பெட்ரோல் தின்னும், பல்பு போகும் என்று அப்பா புலம்பியபடிதான் சுவிட்சைத் தட்டுவார். அந்தத் திட்டம் எடுபட்டதா என்று சிரம்பான், ஷா ஆலாம் என்ற ரெண்டு ஊர்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். ராடின் உமார் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. எல்லா விபத்தையும் எடுக்காமல், பகலில், மோட்டார்க்காரருக்கு வழி உரிமை இருக்கும்போது வேறொரு வண்டியோடு நடந்த மோதல்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள், அதாவது எனக்கு நடந்தது மாதிரியானவை. அவை சுமார் 29 விழுக்காடு குறைந்திருந்தன. சிங்கப்பூர் 1995இல் இதே சட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே சாலையில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு பல்புக்கு இது சின்ன வேலை இல்லை.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்று எழுதியிருப்பதால் இன்னொன்று. 2012 வாக்கில் மதுரையில் சொந்தக்காரர் வண்டியை வாங்கி ஓட்டினேன், பழக்கத்தில் லைட்டைப் போட்டுவிட்டேன். எதிரே வந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கி விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டினார்கள். முதலில் எனக்குப் புரியவே இல்லை. லைட் எரியுது, அணைங்க என்று அன்பாகச் சொல்கிறார்களாம். அவர்களுக்கு நான் தெரிந்தேன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! அப்புறம் இந்தியாவிலும் 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் என்ஜின் ஓடினாலே லைட் தானாக எரியும்படி ஆக்கிவிட்டார்கள்.

பேட்டரிக் கவலை வேண்டாம். பழைய கப்சாய்களில் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் என்ஜினிலிருந்தே நேராகப் போகிறது, பேட்டரியைத் தொடுவதே இல்லை. அதனால்தான் சிக்னலில் நிற்கும்போது மஞ்சளாகச் சோர்ந்துபோய், முறுக்கினால் பளிச்சென்று ஆகும். பேட்டரியிலிருந்து எடுக்கிற வண்டியாக இருந்தாலும் என்ஜின் ஓடும்போது அது சார்ஜ் ஆகிக்கொண்டேதான் இருக்கும். பல்பு மட்டும் சீக்கிரம் தேயும், அது உண்மை, அதனால் ஒரு பல்பை எப்போதும் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

டிம் போதும். ஹை பீம் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று சிலர் செய்கிறார்கள், எதிரே வருகிறவருக்குக் கண் கூசி, நாம் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வேகத்தில் வருகிறோம் என்பதே பிடிபடாமல் போய்விடும். மினுக் மினுக்கென்று வெட்டுகிற லைட்டுகளும் வேண்டாம். ஹாலஜன் கூட்டுக்குள் மலிவான வெள்ளை எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். மழையில் ஹசார்ட் லைட்டை, அதாவது ரெண்டு பக்க சிக்னலையும் சேர்த்து மின்னவிட்டுக்கொண்டு ஓட்டுவதும் வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

இப்போது முக்கியமானது. லைட் எரிகிறது என்பதால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை, அது எவ்வளவு சீக்கிரம் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் கண் கணிக்கிறது. மோட்டார் ஒல்லியானது, ரொம்பப் பக்கத்தில் வரும்வரை பெரிதான மாதிரியே தெரியாது. ஒற்றை லைட்டும் இதில் பெரிதாக உதவாது. பார்த்த பிறகும் "இன்னும் தூரத்தில்தானே இருக்கிறான்" என்று திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபதில் போனால் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறீர்கள். இப்போது கார்களும் பகலில் முன்லைட் எரியத்தான் வருகின்றன, முன்பு மாதிரி நாம் மட்டும் தனித்துத் தெரிவதும் இல்லை. நான் இப்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, முன்சக்கரத்தைப் பார்க்கிறேன். சக்கரம் அசைந்தால் கார் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரி சந்தி வந்தாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு விரலைப் பிரேக்கில் வைத்துவிடுவேன். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் உங்கள் லைட் எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒன்றுதான், எதிரே இருப்பவருக்குப் பஸ் மட்டும்தான் தெரியும். ஒன்று முந்திப் போங்கள், இல்லையென்றால் நன்றாகப் பின்தங்கி வாருங்கள்.

காலையில் கிளம்பும் முன், என்ஜினைப் போட்டுவிட்டு ஹெட்லைட்டுக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், வெயிலில் பார்த்தால் எரிகிறதா என்று சில சமயம் தெரியாது, கையில் வெளிச்சம் விழுந்தால் தெரியும். டிம்மில் ஒரு தடவை, ஹையில் ஒரு தடவை, டிம் போய் ஹை மட்டும் எரிவது நிறைய நடக்கும். பல்புக் கண்ணாடியின் உள்பக்கம் கறுத்திருந்தால் பல்பு எரிந்துபோவதற்குள் மாற்றிவிடுங்கள். ஹாலஜன் என்றால் மாற்றும்போது கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கையில் இருக்கிற எண்ணெய் பட்ட இடம் சூடேறிச் சீக்கிரம் போய்விடும், சுத்தமான துணியால் பிடித்துப் போடுங்கள்.