சவுண்ட்போர்டு பூட்லெக் மட்டும் சேர்த்தால் போதுமா?

பழைய ராக் இசைக்குழுக்களின் பூட்லெக் (அனுமதியில்லாமல் வெளியே சுற்றும்) கச்சேரிப் பதிவுகளைச் சேர்க்கப் போகிறீர்கள், கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்தவை இரைச்சலாக இருக்கின்றன, அதனால் சவுண்ட்போர்டு (அரங்கத்து மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்த) பதிவுகளை மட்டும் தேடினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. என்னைக் கேட்டால் இந்தச் சேகரிப்பின் உயிரே கூட்டத்துக்குள்ளிருந்து எடுத்த நல்ல டேப்புகளில்தான் இருக்கிறது.

சவுண்ட்போர்டிலிருந்து வருவது அன்றைக்கு அரங்கத்து ஒலிபெருக்கிகளுக்குப் போன கலவை. சின்ன அரங்கில் கிட்டாரும் டிரம்ஸும் மேடையிலிருந்தே காதைப் பிளக்கும் என்பதால் மிக்ஸரில் அவற்றைக் குறைத்தே வைப்பார்கள், அப்புறம் டேப்பில் பாடகர் குரல் மட்டும் முன்னால் நிற்கும், மற்றதெல்லாம் வறண்டு கிடக்கும். விதிவிலக்கு உண்டு: 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட்ஃபுல் டெட் குழு வாசித்ததை ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் சவுண்ட்போர்டிலிருந்து பதிவு செய்தாரே, அதற்கு ஈடு கிடையாது.

இப்போது லெட் செப்பலின் குழுவின் 'லிசன் டு திஸ் எடி' என்ற பூட்லெக்கைக் கேட்டுப் பாருங்கள். 1977 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம். மைக் மில்லார்ட் என்ற ரசிகர் சக்கர நாற்காலியில் நாகமிச்சி ரெக்கார்டரை மறைத்து உள்ளே கொண்டுபோய் எடுத்தது. முதல் பாட்டிலேயே டிரம்மர் பான்ஹம் அடிக்கும் அடி அந்தப் பெரிய கூரையில் மோதித் திரும்புவது கேட்கும், சுற்றிலும் ஆட்கள் கத்துவது கேட்கும். இதை எந்த மிக்ஸராலும் தர முடியாது. அந்த மனிதர் செய்தது சாதாரண வேலை இல்லை.

இன்னொன்று, இந்த டேப்புகள் இல்லையென்றால் ஒரு பாட்டு எப்படி வளர்ந்தது என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பிங்க் ஃபிளாய்ட் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை 1973 மார்ச்சில் வெளியிட்டார்கள், ஆனால் 1972 முழுக்க அதை மேடையில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடத்துப் பதிவுகளில் ஆல்பத்தின் 'ஆன் தி ரன்' வரவேண்டிய இடத்தில் வேறொரு கிட்டார், கீபோர்டு ஜாம்தான் இருக்கும்!

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரே கச்சேரிக்கு நாலைந்து பிரதிகள் சுற்றும், அதனால் முதலில் லீனியேஜை, அதாவது டேப் வந்த வழியைப் பாருங்கள்: எந்த மைக், எந்த ரெக்கார்டர், மாஸ்டரா (முதலில் பதிவான டேப்பா), இல்லை எத்தனையாவது ஜெனரேஷன் (நகல்), எப்படிக் கணினிக்கு வந்தது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும், மேல்ஸ்தாயி மங்கும், வேகமும் மாறலாம். நீங்கள் வெறுத்த அந்த இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த நகல்கள்தான், பதிவு செய்தவர் பாவம் என்ன செய்வார். ஃப்ளாக் (தரம் இழக்காத ஒலிக்கோப்பு) என்று வருவதையும் அப்படியே நம்ப வேண்டாம், தரம் இழந்த எம்பி3-ஐ ஃப்ளாக்காக மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெக்ட்ரம் (ஒலியின் அதிர்வெண் வரைபடம்) பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தால் சந்தேகப்படுங்கள் (எஃப்.எம். ஒலிபரப்பிலிருந்து எடுத்தது என்றால் 15-ஓடு நிற்பது இயல்புதான், அதைக் குறை சொல்லாதீர்கள்).

காசு கொடுத்து மட்டும் வாங்காதீர்கள். வாசித்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகாது, சேகரிப்பவர்கள் தங்களுக்குள் இலவசமாகத்தான் பரிமாறிக்கொள்கிறார்கள். பாடகர் பாப் டிலனின் 1966 மான்செஸ்டர் கச்சேரி பல காலம் 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்ற தவறான பெயரில் பூட்லெக்காகச் சுற்றி, 1998-இல் முறையாகவே வந்துவிட்டது. அப்படி வந்தவற்றைக் கடையில் வாங்குங்கள், வராதவற்றைத் தேடுங்கள்.