பொட்டாசியம் கூடினால் காய்கறியே சாப்பிடக் கூடாதா?

அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை, ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6 என்று கூடுதலாக வந்திருக்கிறது, காய்கறியை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்த வேண்டாம். காய் இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியே போகிறது, அந்த வழியும் அடைபட்டுவிடும்.

என் மாமியாருக்கும் இதே சிக்கல்தான், சில வருடங்களாக நான்தான் பார்த்துச் சமைக்கிறேன். சௌசௌ, சுரை, பீர்க்கு, புடலை, கோஸ் இவைதான் எங்கள் வீட்டில் வழக்கமான காய்கள். 100 கிராம் சௌசௌவில் பொட்டாசியம் சுமார் 125 மி.கி., கோஸில் 170. உருளைக்கிழங்கில் 420 இருக்கும், பாலக்கீரையில் 550 தாண்டும். கீரை, சேனை, மரவள்ளி எல்லாம் எங்களுக்கு அபூர்வம்.

உருளை ஆசை வந்தால் இப்படிச் செய்வேன். தோல் சீவி, பொடியாக நறுக்கி, அகலப் பாத்திரத்தில் காய் மூழ்கி மேலும் நாலு விரல் நிற்கிற அளவு தண்ணீரில் கொதிக்க விட்டு, வெந்ததும் வடிதட்டில் கொட்டிவிடுவேன். பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. இப்படி வடித்தால் பாதி அளவுக்குக் குறையும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவதால் மட்டும் பெரிய பலன் கிடையாது. குக்கரில் அளவாகத் தண்ணீர் விட்டு வேக வைத்தாலும் எல்லாம் உள்ளேயே நிற்கும். "சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகுதே" என்று மாமியார் முணுமுணுப்பார். போகட்டும் என்றுதானே வடிக்கிறோம்!

சாம்பாரிலும் இதே கணக்குதான். காயைக் குழம்பிலேயே வேக விட்டால் பொட்டாசியம் குழம்புக்கு இறங்கி, சோற்றோடு கலந்து வயிற்றுக்குத்தான் போகும். தனியாக வடித்த காயைக் கடைசியில் சேருங்கள். தக்காளியைக் குறைத்து, எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் புளிப்புக்குக் குறைவிருக்காது.

அக்கம்பக்கத்தில் சொல்லும் வைத்தியம்தான் பெரிய தொல்லை. வாழைத்தண்டுச் சாறு குடி, இளநீர் குடி என்பார்கள். அதெல்லாம் கல் அடைப்புக்குச் சொல்வது. உங்கள் அப்பாவுக்கு இருப்பது வேறு. ஒரு இளநீரிலேயே 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம் உண்டு. பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கும் லோ சோடியம் உப்பையும் வாங்காதீர்கள். சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடைத்தான் கலக்கிறார்கள். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள், நாக்கு பழகிவிடும்.

அப்புறம், 5.6 என்பதைச் சமையலறையிலேயே சரிக்கட்டப் பார்க்காதீர்கள். டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளாலும் அது ஏறும். நீங்களாக நிறுத்திவிடாமல், ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் சேர்த்து டாக்டரிடம் உடனே காட்டுங்கள். கை கால் தளர்ச்சி, படபடப்பு என்று அப்பா சொன்னால் காலை வரை காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.