எக்டர் கேட்ட பதவி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஆங்கில எழுத்தாளர் மாலரி எழுதிய ஆர்தர் அரசன் கதையை வாசிக்கிறேன். வளர்ப்புத் தந்தை சர் எக்டர் மேல் பெரிய மரியாதை வந்தது. ஆனால் ஆர்தர்தான் அரசன் என்று தெரிந்த கையோடு சொந்த மகன் கேய்க்குப் பதவி கேட்கிறாரே, மனம் விட்டுப்போயிற்று. நம் அதிரதன் கர்ணனிடம் இப்படிக் கேட்டிருப்பாரா? ஆர்தர் நிஜமாகவே வாழ்ந்தவர்தானா?

சு.

அன்புள்ள சு.,

ஆர்தர் வாழ்ந்தாரா என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதிரதனை இதில் இழுக்காதீர்கள். எந்தக் கதையை எடுத்தாலும் மகாபாரதத்தில் அதற்கொரு ஆள் தேடுவது சோம்பேறி வாசிப்பு.

எக்டரைப் பற்றிக் கேட்டதால்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக நானும் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீங்கள் அவசரமாகப் புரட்டியிருக்கிறீர்கள். லண்டனில் புத்தாண்டு நாள் போட்டி. கேய் வாளைத் தங்கிய இடத்திலேயே விட்டுவிட்டான். எடுக்கப்போன ஆர்தர், அங்கே ஆளில்லாததால், தேவாலய முற்றத்தில் கல்லில் செருகியிருந்த வாளை, உருவுகிறவனே அரசன் என்ற அந்த வாளை, உருவிவந்து அண்ணனிடம் கொடுக்கிறான். கேய் அதை அடையாளம் கண்டு, ‘இனி நான்தான் அரசன்’ என்று அப்பாவிடம் போய் நிற்கிறான். எக்டர் நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ மகனைத் தேவாலயத்துக்குள் கூட்டிப்போய், வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்கி, வாள் எப்படி வந்தது என்று கேட்கிறார். ‘தம்பி கொண்டுவந்தான்’ என்று கேய் ஒப்புக்கொள்கிறான். கைக்கு வந்த அரியணையை மகனிடமிருந்து தட்டிவிட்ட மனிதரையா சுயநலக்காரர் என்கிறீர்கள்?

அவர் கேட்ட பதவிக்கும் ஒரு கணக்கு உண்டு. மன்னனின் பிள்ளையான ஆர்தரைக் கைக்குழந்தையாக எக்டரிடம் விடும்போது மந்திரவாதி மெர்லின் போட்ட ஏற்பாடு என்ன? எக்டர் தன் பிள்ளையை வேறொருத்தியிடம் பாலுக்கு விட வேண்டும், அவர் மனைவி மன்னன் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். 1485இல் அச்சான மாலரியில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்கு வெகுமுன்பே, 1200ஐ ஒட்டி, பிரெஞ்சுக் கவிஞர் ராபர்ட் தெ போரோன் சொன்ன கதையில் இந்தத் தந்தையின் பெயர் ஆந்தோர். கேய் முரடனாக, பொல்லாதவனாக நடந்தாலும் பொறுத்துக்கொள் என்று ஆர்தரிடம் மன்றாடுகிறார். அந்தக் குணம் வேறொருத்தியின் பாலால் வந்தது, உனக்காகத்தான் அவனை அவளிடம் விட்டோம் என்கிறார். பால் வழியாகக் குணம் வரும் என்பது அந்தக் கால நம்பிக்கை, அது கிடக்கட்டும். தாயின் பால் கேய்க்குக் கிடைக்காமல் போனதா இல்லையா?

எங்கள் அத்தை பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் குழந்தைக்கு அம்மாதான் பால் கொடுத்தாள். அப்போது அண்ணன் கைக்குழந்தை. அவனுக்குக் கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து, கூழ் காய்ச்சிக் கொடுத்தார்கள். அவன் வளர்ந்து மீசை வைத்த பிறகும், காய்ச்சல் என்று படுத்தால் அம்மா அடுப்படியில் நின்று முணுமுணுப்பாள்: “உன் பங்கைத்தானேடா எடுத்துக் கொடுத்தேன்.” அத்தை மகளை அவள் ஒரு நாளும் குறைவாகப் பார்த்ததில்லை. இருந்தாலும் அந்த முணுமுணுப்பு கடைசிவரை நிற்கவில்லை.

இப்போது எக்டரைப் பாருங்கள். ‘நான் உன் தகப்பன் இல்லை, உன் ரத்தமும் இல்லை’ என்று மண்டியிடுகிறார். ஆர்தர் கதறுகிறான். ‘நீங்கள் கேட்டதைத் தருகிறேன்’ என்று அவன் சொன்னபோது, அவர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. உன்னோடு வளர்ந்த கேயை உன் நிலங்களுக்கெல்லாம் செனஷலாக, நிர்வாகத் தலைவனாக வை என்கிறார், அவ்வளவுதான். நானும் கேயும் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் அந்தப் பதவி இல்லை என்று ஆர்தர் வாக்குக் கொடுக்கிறான். அவனுக்குக் கடன் புரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் புரியவில்லை.

அந்த நேரத்திலும் ஆர்தர் எக்டரின் மனைவியை மறக்கவில்லை. என் தாய், சொந்தப் பிள்ளையைப் போல என்னை வளர்த்தவள் என்கிறான். மாலரி அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. எக்டர் கேட்டது சரியா தப்பா என்று கேட்டீர்களே, கேயைத் தூக்கிக் கொடுத்த அன்றைக்கு அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று ஏன் உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை?